பிள்ளையின் உடம்பு சொல்லும் சேதி

ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் தாய்மார்களே, விழுந்ததால் வராத காயங்களும் உண்டு. அவற்றை முதலில் காணக்கூடியவர், பிள்ளையைக் குளிப்பாட்டுபவரே.

1946 இல் நியூயோர்க்கின் எக்ஸ்ரே நிபுணர் ஜோன் கெஃபி, தலைக்குள் இரத்தம் கசிந்திருந்த 6 கைக்குழந்தைகளின் கை, கால் எலும்புகளிலும் முறிவுகளைக் கண்டார். அவை எப்படி முறிந்தன என்பதற்கு வீட்டாரிடம் விளக்கம் இருக்கவில்லை. 1962 இல் டாக்டர் ஹென்றி கெம்ப்பும் சகாக்களும் இது பெரியவர்களின் கைவேலையாக இருக்கலாம் என்று எழுதிய பின்னரே வைத்திய உலகம் விழித்துக்கொண்டது.

கவனிக்க வேண்டியவை:

* தவழத் தொடங்காத குழந்தையின் உடம்பில் கன்றிய காயம். சிறிதாயினும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

* 4 வயதுக்குட்பட்ட பிள்ளையின் காது, கழுத்து, நெஞ்சு, வயிறு, முதுகு ஆகிய இடங்களில் கன்றல்.

* நடக்காத குழந்தையின் மேலுதட்டை முரசுடன் இணைக்கும் மெல்லிய தசை கிழிந்திருத்தல். பாற்போத்தலைப் பலவந்தமாகத் திணித்தால் இப்படி ஆகலாம்.

* இரு கால்களிலும் காலுறை போட்டதுபோல் ஒரே அளவில் சுடுநீர்க் காயம். தவறிக் கொட்டிய நீர் அங்குமிங்கும் தெறித்திருக்கும்.

* வெளிக்காயமின்றிச் சத்தி, சோர்வு, வலிப்பு. குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளையில் இரத்தம் கசியும். அழுகை பொறுக்க முடியாவிட்டால் தொட்டிலில் கிடத்திவிட்டுச் சற்று விலகி நில்லுங்கள்.

காயத்துக்குச் சொல்லும் காரணம் ஆளுக்கு ஆள் மாறினாலும், வைத்தியரிடம் கொண்டுபோகத் தாமதித்தாலும் சந்தேகிக்க இடமுண்டு.

ஆனால் அவசரப்பட்டு யார்மீதும் பழி போடாதீர்கள். நம் குழந்தைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பின் கீழ் நீல நிறத் திட்டு இருக்கும். அது காயமல்ல, வளர வளர மறையும். இரத்தம் உறையாத நோயும், எலும்பு எளிதில் முறியும் நோயும் உண்டு. பிரித்தறிவது வைத்தியரின் வேலை. காட்டுவது நம் வேலை.

கடுகண்ணாவைத் தாய்மார் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கண்டி வீதியில் பேராதனையிலேயே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் தொலைபேசியில் அறிவிக்கலாம்.

"ஊர் என்ன சொல்லும், குடும்ப மானம் என்னாகும்" என்று மூடி மறைக்கிற வீடுகள் உண்டு. முதற்காயம் மறைக்கப்பட்டால் அடுத்த காயம் பெரிதாக வரக்கூடும். வாய் பேசாத பிள்ளைக்காகப் பேச வேண்டியவர்கள் நாம்தான்.