பாட்டியின் ரவிக்கை லேஸ்

மயிலாப்பூரில் என் சிநேகிதி ஒருத்தி பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது, அந்துருண்டை வாசனையோடு அவள் பாட்டியின் ரவிக்கை ஒன்று வெளியே வந்தது. தொட்ட இடமெல்லாம் துணி கிழிந்தது. கை ஓரத்து லேஸில் மட்டும் ஓர் இழைகூட அறவில்லை! "குழந்தைக்கு ஆண்டு நிறைவு வருகிறதே, கவுனில் இதை வைத்துத் தைக்கட்டுமா? பாழாக்கி விடுவேனோ என்று பயமாயிருக்கிறது" என்றாள்.

பாட்டிக்குப் பிறந்த ஊர் நாகர்கோவில். லேஸும் அந்த ஊர்ப் பின்னல்தான். ஊசியால் அல்ல, தலையணை மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஒரு சாண் பின்னுவதற்குள் கண் பூத்துவிடும்! தென்கோடியில் இதற்கு ரேந்தை என்று பெயர். போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல்.

1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவில் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி. திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது, 1855-ல்தான் ஒழிந்தது. அதற்கு முன்பே, லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்களை விலை கொடுத்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. மார்த்தாவின் மகள் எலிசா 1844-ல் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியிலும் இந்த வேலையைக் கற்பித்தார். மெரினாவில் கணவருக்குச் சிலை இருக்கிறது. மனைவியின் கைவேலை இப்படி டிரங்குப் பெட்டிகளில்தான் கிடக்கிறது!

சரி, தையலுக்கு வருவோம். பிரிக்கும்போது கத்தரிக்கோல் துணிப் பக்கம்தான் போகவேண்டும். துணியை வெட்டி எறிந்தாலும் நஷ்டமில்லை. பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்காமல், பிழியாமல் அலசி, துண்டின்மேல் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கவுனுக்கான மல் துணியையும் முன்னதாகவே நனைத்துவிடுங்கள். நான் ஒருமுறை சோம்பல்பட்டு அப்படியே தைத்தேன். முதல் சலவையில் துணி சுருங்கி, லேஸ் அப்பளம்போல் நெளிந்தது.

பழைய லேஸை மெஷினில் கொடுக்காதீர்கள். பற்கள் கடித்துக் குதறிவிடும். துணியின் ஓரத்தை விரலால் மெல்லியதாக உருட்டிக்கொண்டு, மெல்லிய ஊசியால் லேஸின் நேரான ஓரத்தோடு சேர்த்துச் சுற்றித் தையுங்கள். நேரம் பிடிக்கும்தான், ஆனால் நாளைக்கு அந்தக் குழந்தை வளர்ந்து தன் மகளுக்காகப் பிரித்தெடுக்கும்போது, கைத்தையல் சுலபமாக விட்டுக்கொடுக்கும். பல லேஸ்களில் அந்த நேரான ஓரத்தில் ஓர் இழை ஓடும். அதை மெதுவாக இழுத்தால் கழுத்துக்கு வேண்டிய சுருக்கம் தானே விழும். பழைய லேஸானால் இழை அறுந்துபோகலாம். தனி நூல் கோத்துச் சுருக்குவதே நல்லது.

போதாத அளவுக்குப் புது லேஸ் தேடி தியாகராய நகருக்குப் போகிறீர்களா? கடைகளில் நைலான்தான் பளபளவென்று தொங்கும். பருத்தி லேஸ் என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகமானால் வீட்டில் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், நைலான் உருகி மணியாகும். இஸ்திரி போடும்போது கவிழ்த்துப் போட்டுப் பின்புறம் தேயுங்கள். எடுத்து வைக்கும்போது கஞ்சி கூடாது, பூச்சி வரும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம். வெளுத்த பழைய வேஷ்டித் துண்டில் சுற்றினால் போதும்.

சிநேகிதி நான்கு மத்தியானங்கள் உட்கார்ந்து தைத்தாள். ஆண்டு நிறைவன்று, கவுனைப் போட்டதும் குழந்தை செய்த முதல் காரியம், கழுத்து லேஸை வாயில் போட்டுக் கடித்ததுதான். அம்மாக்காரி அலறிவிட்டாள். லேஸுக்கு ஒன்றும் ஆகவில்லை!