தங்கத் துகளும் தவிட்டு ஒத்தடமும்

போன மாதம் கம்பைநல்லூரில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் புளி தட்டிக்கொண்டே, ரொம்ப சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங் கண்ணு, தங்கத்தைப் பொடியாக்கி ஊசியில ஏத்தி, லைட்டு காட்டினா புத்துநோய்க் கட்டி கரைஞ்சுடுமாமே? பேரன் போன்ல படிச்சுக் காட்டினான்."

"யாருக்கு சின்னம்மா கட்டி?"

பதில் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இடது மார்பில் பட்டாணி அளவில் ஒன்று. நாலு மாதமாக இருக்கிறதாம், வலியே இல்லையாம். யாரிடமும் சொல்லாமல் தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்து வருகிறாள்! "சூடு பட்டா கரையும்னு அவங்களே சொல்றாங்க பாரு" என்று சிரிப்பு வேறு.

பேரன் படித்தது பொய்யில்லை. அதனால்தான் பதில் சொல்வது கஷ்டமாக இருந்தது.

புற்றுச் செல்கள் 42, 43 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே தடுமாறத் தொடங்கும். 50-ஐத் தாண்டினால் சீக்கிரமே செத்துப் போகும். கூடவே நல்ல சதையும்தான். கட்டிக்குள் மட்டும் அடுப்பு மூட்டுவது எப்படி? இதற்கு வந்தவைதாம் நானோ துகள்கள். ஒரு தலைமுடியின் குறுக்களவில் இவற்றைப் பல நூறு வரிசையாக வைக்கலாம்.

2003-ல் அமெரிக்காவில், ரைஸ் பல்கலைக்கழகத்தின் நவோமி ஹாலஸ் என்ற பெண் விஞ்ஞானியும் குழுவினரும், சிலிக்கா உருண்டைகளுக்குத் தங்க முலாம் பூசி எலிகளின் கட்டியில் செலுத்தினார்கள். அகச்சிவப்பு ஒளி சதையைக் கொஞ்ச தூரம் கடந்து போகும். தங்கம் அதை வாங்கிச் சூடாகும். எவ்வளவு சூடு என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கானிலேயே பார்த்துக்கொண்டார்கள்.

"அப்போ என் மூக்குத்தி மட்டும் ஏன் சூடாகல?"

கெட்டிக்காரி! அந்தக் குணம் அந்தப் பொடிசான அளவுக்கும் முலாமின் மெல்லிசுக்கும்தான் சின்னம்மா. தங்க பஸ்பம் சாப்பிட்டாலும் வராது.

2019-ல் வெளியான ஆய்வில் மனிதர்களுக்கும் செய்து பார்த்தார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்று வந்த 16 ஆண்கள். முதல் நாள் ரத்தத்தில் தங்கத் துகள், மறுநாள் ஸ்கான் படத்தைப் பார்த்து லேசர். 15 பேருக்கு நினைத்தபடி முடிந்தது. ஆனால் அது சின்ன ஆய்வு. மார்புக் கட்டிக்கானதும் அல்ல.

இரும்பு ஆக்ஸைடு துகள் இன்னும் விசித்திரம். எம்.ஆர்.ஐ. படத்தில் கறுப்பாகத் தெரிந்து இடத்தைக் காட்டும். வேகமாக மாறும் காந்தப் புலத்தில் வைத்தால் சூடும் ஏறும். ஜெர்மானியர் இதை மூளைக் கட்டிக்குப் பயன்படுத்த 2010-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. ஆனால் சூடேற்றும் அளவுக்கு இரும்பு போட்டால் அந்த இடத்து ஸ்கான் படமே கெட்டுவிடுகிறது. பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான். பல் குழியை உலோகத்தால் அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

நம் நாட்டிலும் பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மையத்தின் நவி மும்பை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, வேலை முடிந்ததும் உடைந்து சிறுநீரில் வெளியேறக்கூடிய தங்கத் துகள்களைச் செய்து 2015-ல் வெளியிட்டன. அதுவும் எலிகளில்தான்.

"ஆக, எனக்கு இல்லேங்கறே."

"இன்னிக்கு இல்லை சின்னம்மா. அது வரும்வரை இந்தக் கட்டி காத்திருக்காது. ஒத்தடத்தின் சூடு தோலோடு சரி. வலி இல்லாததுதான் எனக்குப் பயமே. சின்னதாக இருக்கும்போது பிடித்தால், பல பேருக்கு மார்பை முழுக்க எடுக்காமலே கட்டியை மட்டும் எடுத்துவிடுகிறார்கள், தெரியுமா?"

இது அவளுக்குத் தெரியாது. கத்தி என்றாலே மார்பே போய்விடும் என்று நினைத்து நாலு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். நர்ஸம்மா தடவிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே தருமபுரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டு போகச் சொன்னார். மாமோகிராம் ஆயிற்று, ஊசியால் துளி சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர வேண்டும்.

வறுத்த தவிடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விட்டது.