கிணற்றில் ஒரு வால்வு, நெஞ்சில் நான்கு!

வீட்டில் கிணறும் மோட்டாரும் வைத்திருப்பவர்களுக்கு ஃபுட் வால்வைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குழாயின் அடியில் இருக்கும் சின்ன மூடி அது. தண்ணீர் மேலே ஏறும்போது திறக்கும். மோட்டார் நின்றதும் மூடிக்கொள்ளும். அது பழுதானால் என்ன ஆகும்? ஏறிய தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே இறங்கிவிடும். மறுநாள் காலையில் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது!

நம் நெஞ்சுக்குள்ளும் இப்படி நான்கு வால்வுகள் இருக்கின்றன.

'சித்த வைத்தியருக்கு வால்வைப் பற்றி என்ன பேச்சு?' என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

கடலூரில் இருக்கும் என் வைத்தியசாலைக்கு ஒரு பையன் தன் பாட்டியை அழைத்து வந்தான். பாட்டிக்கு முழங்கால் வலி. பையன் சிதம்பரத்தில் இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கிறான். பாட்டிக்கு மருந்து எழுதி முடித்ததும், தயங்கித் தயங்கித் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்தான். அக்ரிலிக் குழாய். அதன் நடுவே சிலிக்கான் ரப்பரில் வெட்டி ஒட்டிய மூன்று இதழ்கள். ஒரு முனையில் பெரிய சிரிஞ்சு, மறு முனையில் ரப்பர் டியூப். உள்ளே சிவப்புச் சாயத் தண்ணீர். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து செய்த இதய வால்வு மாடலாம்!

"ஐயா, நீங்க நாடி பார்க்கறவங்க. இந்த டியூப்ல விரல் வச்சுப் பாருங்க, துடிப்பு சரியா இருக்கா?" என்றான்.

விரல் வைத்தேன். சிரிஞ்சை அழுத்தியபோது துடித்தது. ஆனால் பின்னால் இழுத்தபோது சிவப்புத் தண்ணீர் இதழ்களுக்கு நடுவே கசிந்து திரும்பி வந்தது.

"மூணு தடவை மாத்திட்டோம் ஐயா. இன்னும் லீக் ஆகுது" என்றான். முகம் வாடிப் போயிருந்தது.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ வால்வு ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒருவர் இருக்கலாம், இல்லையா?

வால்வின் வேலை என்ன?

எங்கள் சித்த நூல்களில் இதயத்தைத் 'தமரகம்' என்பார்கள். அதில் நான்கு அறைகள். அறைக்கும் அறைக்கும் நடுவிலும், ரத்தம் வெளியேறும் வாசலிலும் வால்வுகள். எல்லாம் ஒருவழிப் பாதைதான். நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை இந்தக் கதவுகள் திறந்து மூடுகின்றன. வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கும் மேல்! தாயின் வயிற்றில் தொடங்கிய வேலை, ஒரு நாள்கூட லீவு கிடையாது.

இந்தக் கதவு சுருங்கிப் போனால் ரத்தம் போக வழியில்லை. சரியாக மூடாவிட்டால் போன ரத்தம் திரும்பி வரும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். படுத்தால் மூச்சு முட்டும். கால் வீங்கும்.

ஏன் கெடுகிறது?

வயதானவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து படிந்து வால்வு இறுகலாம். சிலருக்குப் பிறவியிலேயே குறை இருக்கும். ஆனால் நம் நாட்டில் இளம் வயதில் வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். இது பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. முதலில் ஒருவகைக் கிருமியால் தொண்டைப் புண். இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மூட்டுவலி இடம் மாறி மாறி வரும். வலி போய்விடும், வால்வில் தழும்பு தங்கிவிடும்.

பாட்டியின் மூட்டுவலி வேறு, பத்து வயசுப் பேரனின் மூட்டுவலி வேறு! பேரனுக்குத் தைலம் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இந்த நோய்தான் என்று தெரிந்துவிட்டால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொல்வார்கள். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை, வருஷக்கணக்கில் ஆனாலும், அதை விடக் கூடாது.

"வால்வு சுருக்கத்துக்கு மருதம்பட்டைக் கஷாயம் போதுமா?" என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். போதாது! இறுகிப்போன கதவைக் கஷாயம் திறக்காது. இதை ஒரு சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்.

மூன்று தோல்விக்குப் பிறகு...

1958-ல் அமெரிக்காவில் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற இன்ஜினீயர், ஆல்பர்ட் ஸ்டார் என்ற இதய அறுவை மருத்துவரைத் தேடிப் போனார். முழு இதயத்தையே செயற்கையாகச் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. 'முதலில் ஒரு வால்வு செய்வோம்' என்றார் டாக்டர். கூண்டுக்குள் ஒரு பந்து. பந்து நகர்ந்தால் வழி திறக்கும், திரும்பி வந்து உட்கார்ந்தால் மூடும். 1960-ல் அதை நோயாளிக்குப் பொருத்தி வெற்றி கண்டார்கள்.

நம் நாட்டிலும் இது நடந்தது. திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியதானும் இன்ஜினீயர்களும் சேர்ந்து சாய்ந்து திறக்கும் வட்டு வால்வைச் செய்யப் புறப்பட்டார்கள். முதல் மாடலில், பற்றவைத்த தாங்கி சோதனையிலேயே உடைந்தது. இரண்டாவதில் டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவதைச் செம்மறி ஆட்டுக்குப் பொருத்தினார்கள். செயற்கை நீலக்கல்லில் செய்த வட்டு உடைந்து ஆடு இறந்தது.

நான்காவது மாடலில் கோபால்ட் கலந்த உலோகச் சட்டம், உறுதியான பாலிஎத்திலீன் வட்டு, தையல் போடப் பாலியஸ்டர் துணி வளையம். 1990 டிசம்பர் 6-ஆம் தேதி அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதைச் சென்னை டி.டி.கே. குழுமம் தயாரித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2024-ல் மறைந்த வலியதான், பின்னாளில் சரகர், சுஸ்ருதர் நூல்களை ஆராய்ந்தவர் என்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதல் பெருமை.

"தம்பி, நீ மூணு தடவைதானே மாத்தியிருக்க?" என்றேன். பையன் சிரித்துவிட்டான்.

இன்னொன்றும் சொன்னேன். உலோக வால்வுகளிலும் மூடும்போது சிறிது ரத்தம் பின்னால் கசியத்தான் செய்யும். வால்வின் இடுக்குகளில் ரத்தம் தேங்காமல் அது கழுவிவிடும். எனவே கசிகிறதா என்பது மட்டும் கேள்வியல்ல. எவ்வளவு கசிகிறது என்று அளந்து எழுத வேண்டும். செய்வதைவிடச் சோதிப்பது கடினம். இப்படிப்பட்ட வால்வை மெஷினில் வைத்து 40 கோடி தடவை திறந்து மூடிப் பார்க்கிறார்கள். அது சுமார் 11 வருஷத் துடிப்பு!

வால்வு போட்டால் முடிந்ததா?

முடியவில்லை. உலோக வால்வில் ரத்தம் உறையப் பார்க்கும். அதனால் ஆயுள் முழுவதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும்.

இங்கே என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில், பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து ஓர் அம்மா வாயுத் தொல்லை என்று வந்தார். பூண்டு லேகியம் கொடுத்தேன். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பத்து நாளில் ஈறில் ரத்தம், கைகளில் நீலத் திட்டுகள். விசாரித்தால், வால்வு ஆபரேஷன் ஆனவர், அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்! லேகியத்தை நிறுத்தச் சொல்லி, அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நாடியில் விரல் வைக்கும் முன்பே நான் கேட்கும் கேள்வி: "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

வால்வு போட்டவர் வீட்டில் இருந்தால் இவற்றை மறக்காதீர்கள்:

1. மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். யார் சொன்னாலும், நானே சொன்னாலும், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ரத்தம் உறைந்து வால்வு சிக்கிக்கொள்ளலாம். பக்கவாதமும் வரலாம்.

2. ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்யுங்கள். வால்வு இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பொதுவாக 2-க்கும் 3.5-க்கும் இடையில் டாக்டர் ஓர் அளவைக் குறித்துக் கொடுப்பார்.

3. கீரையை விட வேண்டாம். ஆனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று மாற்றாதீர்கள். அளவு ஒரே சீராக இருக்கட்டும்.

4. லேகியம், சூரணம், கஷாயம், வலி மாத்திரை எதுவானாலும் இதய டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

5. பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் வால்வு இருப்பதைச் சொல்லுங்கள். பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரைக் கலந்துகொள்ளுங்கள்.

6. திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணல், கறுப்பு மலம், நிற்காத ரத்தம், காரணமில்லாத காய்ச்சல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

போன மாதம் பாட்டிக்கு மருந்து வாங்க அந்தப் பையன் மறுபடி வந்தான். கசிவை அளந்து எழுதிவிட்டார்களாம். மாடல் இன்னும் கசிகிறதாம். "இருக்கட்டும், பாட்டி வேற மாத்திரை எதுவும் சாப்பிடறாங்களா?" என்று கேட்டேன். பாவம், முழித்தான்.

நீங்களும் இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, அதிலேயே வைத்துவிடுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் அந்தச் சீட்டும் கூடவே போகட்டும்!