மரத்துக்கு 74,500 ரூபாய்னா கண்மாய்க்கு எவ்வளவு? இயற்கைக்கு விலை போடுவது எப்படி?

ஒரு மரத்தின் மதிப்பு ஆண்டுக்கு 74,500 ரூபாய். சும்மா சொன்னதல்ல, உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு போட்ட கணக்கு. 2021-இல் வெளியே வந்தது. இதில் ஆக்சிஜனுக்கு மட்டும் 45,000 ரூபாய். இயற்கை உரத்துக்கு 20,000 ரூபாய். இந்தத் தொகையை மரத்தின் வயதால் பெருக்க வேண்டும்.

எதுக்கு இந்தக் கணக்கு?

சாலை, பாலம் என எந்தத் திட்டத்துக்கும் செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். விலை இல்லாத பொருள் அந்தக் கணக்கில் வராது. வராததால், அழிந்தாலும் நஷ்டமாகத் தெரியாது.

எப்படிப் போடுறாங்க?

முக்கியமான கேள்வி ஒன்றுதான்: 'இது இல்லாமப் போனா, இதே வேலையைச் செய்ய எவ்வளவு செலவாகும்?'

விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரிலேயே கிணறு இருக்கிறது. மழையை நம்பியிருக்கும் இந்த வட்டாரத்தில், கண்மாய் பெருகினால்தான் கிணற்றில் ஊற்று. ஆனால் ஒரு கண்மாயிலிருந்து அரசுக் கணக்கில் ஏறும் வருமானம் பெரும்பாலும் மீன்பாசி குத்தகையும் கருவேல மர ஏலமும்தான். கண்மாய் இல்லையென்றால் போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தணும், லாரித் தண்ணீர் வாங்கணும், வண்டல் மண்ணுக்குப் பதிலா உரம் போடணும். இந்தச் செலவையெல்லாம் கூட்டினால் வருவதுதான் கண்மாயின் உண்மையான மதிப்பு. குத்தகைப் பணம் அதில் ஒரு சிறு பகுதி.

விலை போட்டா காப்பாத்திடலாமா?

அதுதான் சிக்கல். 74,500 ரூபாய்க் கணக்கு எழுந்ததே மேற்கு வங்கத்தில் 5 ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டலாமா என்ற வழக்கில்தான். 100 வயதைத் தாண்டிய பாரம்பரிய மரம் 1 கோடிக்கு மேல் மதிப்புள்ளது என்றது குழு. ஆனாலும் மக்களின் பாதுகாப்பு, போக்குவரத்துத் தேவை ஆகியவை முன்வைக்கப்பட்ட அந்த வழக்கில், 2023 பிப்ரவரியில் மரங்களை வெட்ட உச்ச நீதிமன்றமே அனுமதித்தது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. விலை என்று ஒன்று வந்துவிட்டால், 'காசைக் கட்டிட்டு வெட்டிக்கிறோம்' என்று சொல்ல ஆள் வரும். நட்ட கன்று மரமாகும் வரை நிழலுக்கு யார் பொறுப்பு?

அப்போ என்னதான் வழி?

விலையோடு சட்டமும் வேண்டும். பொதுப்பணித் துறை ஏரி, கண்மாய்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற தமிழ்நாட்டில் 2007-இல் ஒரு சட்டம் வந்தது. அது மதிப்பு எவ்வளவு என்று கேட்காது. அளந்து, எல்லை எது என்றுதான் பார்க்கும். நஷ்டம் எவ்வளவு என்று காட்ட விலை உதவும். கண்மாயைக் கண்மாயாகவே வைத்திருக்க அந்த எல்லைக்கல் வேண்டும்.