பெயர்ப்பட்டியலில் இல்லாதவர்களின் போர்

போரின் சுமையைச் சுமந்தவர் ஒருவராகவும், போர் முடிந்தபின் அதற்கான ஈட்டைப் பெற்றவர் வேறொருவராகவும் அமைந்துவிடுவது வரலாற்றில் அரிதன்று. பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்ணாம் ஆற்றை ஒட்டியுள்ள ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்திலும், ஜெண்டராட்டா போன்ற அதன் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மலாயாத் தமிழர்களின் கதை இதற்குத் தக்க சான்றாகும். எந்தப் படையின் பெயர்ப்பட்டியலிலும் இடம்பெறாமலேயே இரண்டாம் உலகப்போரின் மிகக் கொடிய பணிகளுள் ஒன்றை மலாயாவின் தோட்டத் தொழிலாளர்கள் செய்து மாண்டனர். பட்டியலில் பெயர் இல்லாத அதே காரணத்தால், போர்வீரர்களுக்கென வகுக்கப்பட்ட நலத்திட்டங்களும் இழப்பீடுகளும் அவர்களுடைய குடும்பங்களை எட்டவில்லை.

இந்த இடைவெளியின் அளவை உணர, அதே காலத்தில் வேறொரு நாடு தன் வீரர்களை எவ்வாறு நடத்தியது என்பதை முதலில் பார்ப்பது பயன்தரும். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1944 ஜூன் 22 அன்று கையொப்பமிட்ட, 'ஜி.ஐ. பில்' என்று பரவலாக அறியப்படும் சட்டம், போரிலிருந்து திரும்பும் வீரர் ஒருவர் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணத்தையும், படிக்கும் காலத்தில் வாழ்க்கைச் செலவுக்கான மாதத் தொகையையும் அரசே ஏற்கும் என்று உறுதியளித்தது. முதல் உலகப்போரின் வீரர்கள் வேலையின்றித் தவித்து, தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட தொகையைக் கேட்டு 1932இல் வாஷிங்டனில் திரண்ட அனுபவம் இச்சட்டத்தின் பின்னணியில் இருந்தது. ஏறத்தாழ 78 லட்சம் பேர் இச்சட்டத்தின்கீழ்க் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். 1947இல் அந்நாட்டுக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முன்னாள் வீரர்களாக இருந்தனர். கைக்கு வந்தவுடன் கரைந்துபோகும் ரொக்கத்துக்குப் பதிலாகக் கல்வியே ஈடாக வழங்கப்பட்டதால், அதன் பயன் வீரரோடு நின்றுவிடாமல் அவருடைய பிள்ளைகளின் வாழ்வையும் உயர்த்தியது.

ஆயினும் அந்தச் சட்டமும் சுமந்தவர் அனைவரையும் உள்ளடக்கவில்லை. தென்மாநிலங்களில் கறுப்பின வீரர்கள் உள்ளூர் அலுவலகங்களாலும் நிறவெறிக் கல்லூரிகளாலும் தடுக்கப்பட்டனர். அமெரிக்கத் தலைமையின்கீழ்ப் போரிட்ட பிலிப்பைன்ஸ் வீரர்களுள் பெரும்பாலோருக்கு, 1946 பிப்ரவரியில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அவர்களுடைய பணி இத்தகைய உரிமைகளுக்குரிய பணியாகக் கருதப்படாது என்று அறிவித்துவிட்டது. உயிரோடு எஞ்சியிருந்தவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை பெற்றோராயின் 15,000 டாலரும், மற்றையோருக்கு 9,000 டாலரும் ஒருமுறைத் தொகையாக வழங்க 2009இல்தான் வழிசெய்யப்பட்டது. உதவித்தொகை எவ்வளவு என்பதைக் காட்டிலும், 'பணியாற்றியவர்' என்னும் வரையறைக்குள் யார் வருகிறார் என்பதே பயனைத் தீர்மானிக்கிறது.

அந்த வரையறைக்கு வெளியே நின்றவர்களுள் மலாயாவின் தோட்டத் தொழிலாளர்கள் முதன்மையானவர்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், மலாயா முழுவதும் ஜப்பானியரின் ஆட்சிக்குள் வந்தது. ஐரோப்பியச் சந்தைகளுக்கான ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனதால், பால்மரம் சீவி அன்றாடம் கூலி பெற்றுவந்த லயத்துக் குடும்பங்கள் வேலையும் அரிசியும் இழந்து, மரவள்ளிக்கிழங்கை நம்பி வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டன. இந்நிலையில்தான் சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைக்கும் ரயில்பாதைக்கு ஆள் திரட்டும் வேலை தொடங்கியது. குறுகிய கால வேலை, நல்ல கூலி, போதிய உணவு என்னும் வாக்குறுதிகளால் தொடக்கத்தில் ஆட்கள் சேர்க்கப்பட்டனர். போனவர் திரும்பாத செய்தி பரவியபின், கட்டாயமாகப் பிடித்துச் செல்லும் முறை கையாளப்பட்டது.

தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட இப்பாதை, 1942இன் பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகளும், அவர்களைப்போல மும்மடங்கோ அதற்கு மேலோ எண்ணிக்கையிலான ஆசியத் தொழிலாளர்களும் இதில் உழைத்தனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டதாகவும், அவர்களுள் தமிழரே பெரும்பான்மையினர் என்றும் ஆய்வாளர்கள் கூறுகின்றனர். போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களின் இறப்பு 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. மலேசியத் தமிழரிடையே இது 'சயாம் மரண ரயில்' என்றே வழங்கிவருகிறது.

இறப்பின் அளவிலும், அதைவிட முக்கியமாக இறந்தவரைக் கணக்கிட்ட விதத்திலும் இத்தனை வேறுபாடு நேர்ந்ததற்கான காரணம், ஒரு படை எவ்வாறு இயங்குகிறது என்பதில் அடங்கியுள்ளது. சிறைப்பட்ட நிலையிலும் போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகளும், படை மருத்துவர்களும், பெயர்ப்பட்டியலும் இருந்தன. நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது, கழிவிடங்களைத் தனியே அமைப்பது முதலிய ஒழுங்குகளை அவர்களால் கடைப்பிடிக்க முடிந்தது. இறந்தவரின் பெயரும் புதைத்த இடமும் குறித்துவைக்கப்பட்டன. தோட்டங்களிலிருந்து சென்றவர்களுக்கோ இத்தகைய அமைப்பு எதுவும் இல்லாததால், 1943இன் மழைக்காலத்தில் காலரா பரவியபோது முகாம்களில் பெருந்திரளானோர் மாண்டனர். இறந்தவர்கள் பெயரின்றி மொத்தமாகப் புதைக்கப்பட்டனர், அல்லது எரிக்கப்பட்டனர். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாகப் பேணப்படுகின்றன. ஆசியத் தொழிலாளர்களின் எச்சங்கள் அதே நகரின் ஒரு பௌத்த விகாரையில் பொதுச் சமாதி ஒன்றில் வைக்கப்பட்டுள்ளன, தமிழர்களுக்கான நடுகல் அங்கு அண்மை ஆண்டுகளில்தான் எழுந்தது.

இழப்பீட்டிலும் இதே பிரிவினை தொடர்ந்தது. 1951இன் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் வழியாகப் பிரிட்டிஷ் போர்க்கைதிகளுக்கு ஆளுக்கு 76 பவுண்டு அளவிலான சிறுதொகை கிடைத்தது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு தானே முன்வந்து, உயிரோடிருந்த முன்னாள் கைதிகளுக்கும் இறந்தவர்களின் மனைவியருக்கும் 10,000 பவுண்டு வீதம் வழங்குவதாக அறிவித்தது. மலேசியாவைப் பொறுத்தவரை, 1967இல் ஜப்பானுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி 2.5 கோடி மலேசிய டாலர் மதிப்புள்ள உதவி கப்பல்களின் வடிவில் பெறப்பட்டு, போர்க்கால விவகாரம் அரசுகளுக்கிடையே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. நாட்டின் கப்பல் துறைக்கு அது உதவியிருக்கலாம். சயாமில் தந்தையை இழந்த தோட்டக் குடும்பத்துக்கு அதிலிருந்து தனியாக எதுவும் வரவில்லை.

படைப்பட்டியலில் இடம்பெற்ற தமிழரும் அக்காலத்தில் இருந்தனர். சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, தோட்டத் தொழிலாளர்களும் நகர்ப்புறக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதில் பெருமளவில் சேர்ந்தனர். அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பன், பின்னர் மலேசிய மேலவை உறுப்பினராகி, இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். அதே படையிலிருந்த ராசம்மா பூபாலன் ஆசிரியராகி, பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கோரிய போராட்டத்தை முன்னெடுத்தார். ஆனால் அவர்களுக்குப் பின்னால் எந்த ஜி.ஐ. பில்லும் இருக்கவில்லை, தோற்ற தரப்பின் படையாகிய அதற்கு, திரும்பிவந்த வீரர்களைப் படிக்கவைக்கக்கூடிய அரசு எதுவும் இல்லை. படிப்பைத் தொடர வாய்ப்பிருந்த குடும்பத்தார் தொடர்ந்தனர். மற்றவர்கள் பால்மரத்துக்கே திரும்பினர்.

கல்வி இங்கு மையப்பொருளாவதற்குக் காரணம் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று விதித்திருந்தபோதிலும், அப்பள்ளிகள் தொடக்கநிலைக்கு மேல் இட்டுச்செல்லவில்லை. உழைக்கும் ஆளை இழந்த வீட்டில் அந்தச் சிறு வாய்ப்பும் நிலைக்காது. பிள்ளைகளே வேலைக்காட்டுக்குப் போக நேரும். அமெரிக்காவில் போர்ப்பணி அடுத்த தலைமுறையைக் கல்லூரிக்கு அனுப்பிய அதே ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களில் போரின் இழப்பு அடுத்த தலைமுறையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றக்கூடியதாக இருந்தது.

இன்றைய மலேசியாவின் ஆயுதப்படை முழுக்க விருப்பத்தின்பேரில் சேர்பவர்களால் ஆனது. 2004இல் தொடங்கிய தேசிய சேவைப் பயிற்சி இளைஞர்களுக்கான குறுகியகாலப் பயிற்சியே தவிர, போர்ச்சேவை அன்று. பணி முடிந்து செல்வோருக்கு முன்னாள் வீரர் விவகாரத் துறையும், தொழிற்பயிற்சி அளிக்கும் பெர்ஹெபாட் நிறுவனமும் உள்ளன. எனினும் சாதாரண நிலை வீரர் ஒருவர் 21 ஆண்டு பணியை நிறைவுசெய்தால்தான் ஓய்வூதியம் பெறுவார் என்பதால், அதற்கு முன் விலகியவர்கள் 'ஓய்வூதியம் இல்லாத வீரர்கள்' என்னும் தனிப்பிரிவாக நின்று, தங்கள் பணிக்கும் மதிப்புக் கேட்டு வருகின்றனர். வரையறையின் எல்லைக்கோடு இங்கும் தன் வேலையைச் செய்கிறது.

சயாமுக்குப் போனவர்களுக்கு இனி எந்த ஓய்வூதியமும் பயன்படாது. ஆனால் ஈடு என்பது கல்வியாக வழங்கப்படும்போது அது வாரிசுகளையும் சென்றடையும் என்பதை ஜி.ஐ. பில் மெய்ப்பித்திருப்பதால், மரண ரயில்பாதையில் மாண்டவர்களின் வழித்தோன்றல்களுக்கென ஒரு கல்வி நிதி அமைப்பதும், போரின் சுமையைச் சுமந்தவர்களாக அவர்களைப் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் முறையாகச் சேர்ப்பதும் காலங்கடந்த செயல்கள் ஆகமாட்டா. அதற்கு முதற்படி, எந்தெந்தத் தோட்டத்திலிருந்து யார் யார் போயினர் என்பதைக் குடும்பங்களின் நினைவிலிருந்தேனும் எழுத்தில் தொகுப்பதாகும். பட்டியல் இல்லாததால் மறுக்கப்பட்ட உரிமையைப் பட்டியலிலிருந்தே மீண்டும் கோரவேண்டியிருக்கிறது.