மேம்படுத்திய கணினி ஏன் நிலைகுலைகிறது? நினைவகப் பழுதும் எழுத்துக் காப்பும்

பழைய கணினியை ஒதுக்கிவிடாமல், அதன் உறுப்புகளில் ஒன்றிரண்டை மாற்றி மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துவது நம் பள்ளிகளிலும் இல்லங்களிலும் உள்ள சிக்கனமான வழக்கமாகும். நினைவகத்தைக் கூட்டுகிறோம், சுழலும் வன்தட்டை அகற்றி, எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்துகிறோம். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 14 அக்டோபர் 2025 அன்று முடித்துக்கொண்டது. அதன் பின்வந்த விண்டோஸ் 11, குறைந்தது 4 கிகாபைட் நினைவகமும் 64 கிகாபைட் சேமிப்பிடமும் வேண்டும் என்கிறது. ஆகவே, உறுப்பு மாற்றும் வேலைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது.

மாற்றிய முதல் நாள் கணினி விரைந்து இயங்கும். சில நாள்களில் நீலத்திரை தோன்றும். தானே நின்று மீண்டும் தொடங்கும். பின்னர், 'அமைப்புக் கோப்பு சிதைந்துள்ளது' என்னும் அறிவிப்பு வரும். உடனே நச்சுநிரல் என்று ஐயுறுகிறோம். இயங்குதளத்தை மீண்டும் நிறுவுகிறோம். ஒரு வாரம் கழித்து அதே தொல்லை திரும்புகிறது. இதற்குக் காரணம் நோய்க்குறியை நோயாகக் கொண்டதே. சிதைந்த கோப்பைச் சீர்செய்வதற்கு முன், அதைச் சிதைத்தது எது என்று காண வேண்டும். இவ்வரிசை மாறினால் செய்த பழுதுபார்ப்பே புதிய சேதத்தை விளைவிக்கும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லாம் கடந்து செல்லும் வழி

கணினியில் நாம் திறக்கும் ஒவ்வொரு கோப்பும் சேமிப்பகத்திலிருந்து நினைவகத்திற்கு வருகிறது, அங்கே திருத்தப்படுகிறது, மீண்டும் சேமிப்பகத்திற்குச் செல்கிறது. இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும் புதிய கோப்புகள் இவ்வழியாகவே செல்கின்றன. ரேம் என்று நாம் வழங்கும் இந்நினைவகத்தில், ஒவ்வொரு பிட்டும் மிக நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் தங்கும் மின்னூட்டமாகும். ஊட்டம் இருந்தால் 1, இல்லையேல் 0 எனக் கொள்ளலாம். இந்த ஊட்டம் கசியும் இயல்புடையது. எனவே பொதுவாக 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொரு பிட்டும் ஒருமுறை படிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்படுகிறது. இத்தகைய பல்லாயிரம் கோடி பிட்டுகளில் ஒன்று பிறழ்ந்தாலும், பிறழ்ந்த மதிப்பையே கணினி மெய்யென்று கொள்ளும். சேமிப்பகமும் தனக்கு வந்ததை உண்மையோடு எழுதிவைக்கும். சேமிப்பகத்தில் குறையே இல்லாதபோதும் கோப்பு சிதைந்து கிடப்பது இவ்வாறுதான்.

ஒரு பிட்டும் ஓர் எழுத்தும்

இச்சேதம் தமிழ் எழுத்தில் எவ்வாறு வெளிப்படும் என்பதைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. யுனிகோடு முறையில் ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் உண்டு. லகரத்தின் எண் 2994. ளகரத்தின் எண் 2995. ரகரம் 2992, றகரம் 2993. நகரம் 2984, னகரம் 2985. ஒவ்வோர் இணையிலும் முதலாவது இரட்டைப்படை எண். அடுத்தது அதனோடு ஒன்று கூட்டிய எண். இரும எண்ணாக எழுதினால் இவ்விணைகள் கடைசி ஒரு பிட்டில் மட்டுமே வேறுபடும். கோப்பில் எழுதப்படும் பரவலான யு.டி.எஃப்-8 வடிவத்திலும் இவ்வேறுபாடு ஒரு பிட் அளவே.

ஆகவே, ஒரே ஒரு பிட் பிறழ்ந்தால் 'கரை' என்பது 'கறை' ஆகலாம். 'அரம்' என்பது 'அறம்' ஆகலாம். 'கட்டண விலக்கு' என்பது 'கட்டண விளக்கு' ஆகலாம். பிறழ்ந்த சொல்லும் பொருளுடைய சொல்லாகவே இருப்பதால், பிழைதிருத்தும் மென்பொருள் அதனைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடும். மாணவர் எழுதிய பிழை என்றே நாம் கருதிவிடுவோம். எண்களுக்கும் இந்நிலை உண்டு. எளிய உரைக்கோப்பில் 7 என்னும் குறிக்கும் 3 என்னும் குறிக்கும் இடையே வேறுபாடு ஒரு பிட் மட்டுமே. 75 மதிப்பெண் 35 ஆவதற்கு அது போதும்.

எல்லாப் பிறழ்வுகளும் இவ்வாறு எழுத்தின்மேல் விழுவதில்லை. படத்தின் ஒரு புள்ளியில் விழுந்தால் எவரும் அறியமாட்டார். இயங்குதளத்தின் கட்டளையொன்றில் விழுந்தால் நீலத்திரை தோன்றும். அவ்வகையில் நீலத்திரை நமக்கு நன்மையே செய்கிறது: ஓசையின்றி நடந்துகொண்டிருக்கும் சேதத்தை அது வெளிப்படுத்துகிறது.

உலகம் கண்ட சான்றுகள்

1978ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த திமோதி மே, முர்ரே உட்ஸ் ஆகிய இருவரும், நினைவகச் சில்லுகளைப் பொதிந்திருந்த பொருளில் கலந்திருந்த மிகச் சிறிதளவு கதிரியக்கத் தனிமங்கள் ஆல்பா துகள்களை வெளியிட்டுப் பிட்டுகளைப் பிறழச் செய்வதை எடுத்துக்காட்டினர். 18 மே 2003 அன்று பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஸ்கார்பேக் நகரில் வேட்பாளர் ஒருவருக்குக் கிடைக்கவியலாத அளவுக்கு வாக்குகள் பதிவாகியிருந்தன. மறு எண்ணிக்கையில் மிகுதியாகக் காணப்பட்டவை 4096 வாக்குகள். இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது 4096. அதாவது, இரும எண்ணில் ஒரே ஓர் இடம் 0 என்பதிலிருந்து 1 என்று மாறியதற்கு ஈடான அளவு. மென்பொருளில் பிழை காணப்படாமையால், ஒரு பிட் தானே பிறழ்ந்திருக்க வேண்டும் என்னும் முடிவுக்கே ஆய்ந்தோர் வந்தனர்.

2009ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் வழங்கிக் கணினிகளைப் பற்றி வெளிவந்த ஆய்வு நமக்கு மேலும் பயனுடையது. ஓராண்டுக் காலத்தில் அந்நினைவகப் பலகைகளில் 8 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை பிழை காட்டின. அப்பிழைகளிற் பெரும்பாலானவை விண்ணிலிருந்து வரும் கதிர்களால் தற்செயலாக நேர்ந்தவை அல்ல, உறுப்பிலேயே உள்ள நிலையான பழுதால் நேர்ந்தவை என்பதற்கும் அவ்வாய்வு வலுவான சான்று தந்தது. வழங்கிகளில் பிழையறிந்து திருத்தும் நினைவகம் இருப்பதால் அவை கணக்கில் வந்தன. நம் மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பெரும்பாலும் அவ்வசதி இல்லை. எனவே கணக்கும் இல்லை.

ஒட்டு ஏன் பிடிக்கவில்லை

கோலா கங்சார் மக்களுக்கு ஒட்டுக் கட்டுதலைப் பற்றி நெடிது விளக்க வேண்டியதில்லை. 1877ஆம் ஆண்டில் சர் ஹியூ லோ காலத்தில் இவ்வூரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் காக்கப்படுகிறது. பின்னாளில் தோட்டங்களில், மிகுதியாகப் பால் தரும் மரத்தின் மொட்டை வேறொரு கன்றின் பட்டையில் வைத்துக் கட்டும் முறை வந்தது. வேரும் மொட்டும் தனித்தனியே நல்லவையாக இருந்தாலும், ஒட்டிய இடம் பொருந்தாவிடில் கன்று தேறாது.

கணினியிலும் அவ்வாறே. நினைவகப் பலகை ஸ்லாட்டில் முழுமையாக அமராமல் இருக்கலாம். நம் நாட்டின் ஈரப்பதத்தாலும் தூசியாலும் அதன் பொன்முலாம் பூசிய விளிம்பில் மாசு படிந்திருக்கலாம். பழைய பலகையும் புதிய பலகையும் வேகத்தில் ஒவ்வாதிருக்கலாம். மின்னழுத்தத்தையும் நோக்க வேண்டும்: டி.டி.ஆர்.3 வகை 1.5 வோல்ட்டில் இயங்குவது, டி.டி.ஆர்.3எல் 1.35 வோல்ட்டில் இயங்கவல்லது, டி.டி.ஆர்.4 வகைக்கு 1.2 வோல்ட். குறைந்த அழுத்தத்தை மட்டுமே தரும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் பலகையைப் பொருத்தினால் அது தொடங்காமலோ நிலையின்றியோ இருக்கும். பயாஸ் அமைப்பில் எக்ஸ்.எம்.பி. எனப்படும் மிகைவேகத் தெரிவை இயக்கியிருந்தால், நல்ல பலகையும் பிழை செய்யக்கூடும். பழைய மின்வழங்கி புதிய உறுப்பின் சுமையைத் தாங்காமற்போவதும், சேமிப்பகத்தின் வடம் தளர்ந்திருப்பதும் பிற காரணங்கள்.

ஆராயும் வரிசை

முதலாவதாக, எழுதுவதை நிறுத்த வேண்டும். ஐயத்திற்குரிய கணினியில் கோப்புகளைத் திறந்து திருத்தவோ சேமிக்கவோ கூடாது. முக்கியமான ஆவணங்களை அக்கணினியைக் கொண்டே படியெடுப்பதும் தகாது; பழுதான நினைவகத்தின் வழியே செல்லும் படியும் பழுதாகலாம். சேமிப்பகத்தைக் கழற்றி, நன்கு இயங்கும் வேறொரு கணினியில் இணைத்துப் படியெடுப்பதே பாதுகாப்பானது. பிட்லாக்கர் பூட்டு இயக்கத்தில் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோல் கையில் இருக்க வேண்டும். உறுப்பு மாற்றத்திற்குப் பின் கணினி அதைக் கேட்கக்கூடும் என்பதால், மாற்றத்திற்கு முன்பே அதைக் குறித்து வைத்தல் அறிவுடைமை.

இரண்டாவதாக, அறிவிப்புகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் ஒரே இயக்கியின் பெயர் வருமானால், அந்த இயக்கி மென்பொருளை முதலில் ஐயுறலாம். ஒருமுறை 'மெமரி மேனேஜ்மென்ட்', மறுமுறை 'பேஜ் ஃபால்ட்', பின்னொருமுறை வேறொன்று எனக் காரணம் மாறிக்கொண்டே இருந்தால், ஐயம் நினைவகத்தின் பக்கமும் மின்வழங்கியின் பக்கமும் சாயும்.

மூன்றாவதாக, மாற்றியதைத் திரும்ப மாற்றிப் பார்க்க வேண்டும். கணினியை அணைத்து, மின்வடத்தைக் கழற்றி, மடிக்கணினியாயின் மின்கலத்தின் இணைப்பையும் நீக்கிய பின், புதிய பலகையை எடுத்துவிட்டுப் பழைய பலகையோடு மட்டும் இயக்கலாம். பயாஸ் அமைப்பையும் இயல்புநிலைக்குக் கொண்டுவர வேண்டும். நிலைகுலைவு நின்றால் தேடும் இடம் குறுகிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே ஆய்வின் அடிப்படை. மூன்றை ஒருசேர மாற்றிக் கணினி சரியானால், எது சரிசெய்தது என்று அறியமாட்டோம்.

நான்காவதாக, நினைவகத்தைச் சோதிக்க வேண்டும். விண்டோஸிலேயே நினைவகச் சோதனைக் கருவி உண்டு. இன்னும் கடுமையான சோதனைக்கு மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச மென்பொருளை விரலியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, ஓர் இரவு முழுதும் ஓடவிடலாம். ஒரு பிழை காட்டினாலும் அந்த நிலையில் கணினியை நம்பலாகாது. பிறகு ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாகவும், வெவ்வேறு ஸ்லாட்டிலும் வைத்துச் சோதித்தால், பழுது பலகையிலா ஸ்லாட்டிலா என்பது விளங்கும். பிழையே காட்டாவிடினும் முழு நற்சான்று எனக் கொள்ளவேண்டா. சில பழுதுகள் கணினி சூடேறிய பின்னரே வெளிப்படும்.

ஐந்தாவதாக, சேமிப்பகத்தின் உடல்நிலையை ஸ்மார்ட் எனப்படும் தற்சோதனைப் பதிவைக் கொண்டு பார்க்க வேண்டும். வடத்தையும் சரிபார்த்த பின், செக்டிஸ்க் கட்டளையால் கோப்பு அடுக்கினைச் சோதிக்கலாம்.

இவ்வளவும் முடிந்த பின்னரே ஆறாவது படியாகிய கோப்புச் சீரமைப்பு வருகிறது. நிருவாகி உரிமையுடன் கட்டளைத் திரையைத் திறந்து, முதலில் டிஸ்ம் கருவியின் 'ரெஸ்டோர்ஹெல்த்' கட்டளையை இயக்க வேண்டும். இது இயங்குதளத்தின் மூலப்படிகளைச் செப்பஞ்செய்யும். அடுத்து, எஸ்.எஃப்.சி. கருவியின் 'ஸ்கேன்நவ்' கட்டளை அம்மூலப்படிகளோடு ஒப்பிட்டுச் சிதைந்த அமைப்புக் கோப்புகளை மாற்றும். இவ்விரண்டும் நினைவகத்தின் வழியாகவே வேலை செய்கின்றன. பழுதான நினைவகத்தோடு இவற்றை இயக்கினால், நல்ல கோப்பைச் சிதைந்தது என்று தவறாக எண்ணி மாற்றவும், மாற்றும் கோப்பையே சிதைத்து எழுதவும் கூடும். நாம் வரிசையை வலியுறுத்துவது இதனாலேயே. சீரமைப்பு பலிக்காவிடில், உறுப்பு நலமென்று உறுதியான பின்பு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம்.

மீளாத கோப்புகள்

எஸ்.எஃப்.சி. கருவி இயங்குதளத்தின் கோப்புகளை மட்டுமே அறியும். அவற்றின் நல்ல படி மைக்ரோசாஃப்டிடம் என்றும் கிடைக்கும். நம் ஆண்டு மலரின் கையெழுத்துப்படி, மாணவர் பதிவேடு, மறைந்துபோன தோட்டத்துப் பள்ளியின் பழைய படங்களை வருடியெடுத்த தொகுப்பு ஆகியவற்றின் மூலப்படி வேறெங்கும் இராது. தோட்டங்கள் பல மறைந்துவிட்ட பேராக்கில், ஒரு தலைமுறையின் நினைவு இன்று ஒரு சில கணினிகளில் தங்கியிருக்கிறது. அங்கே ஓர் எழுத்து பிறழ்ந்தால் திருத்துவதற்கு ஒப்புநோக்க மற்றொரு படி வேண்டும்.

ஆதலின், முக்கியமான கோப்புகளுக்கு மூன்று படிகள் இருக்கட்டும். அவை இரு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும். பழைய படியின்மேல் புதிய படியை எழுதி அழிக்காமல், நாளிட்டுத் தனித்தனியே வைத்தல் வேண்டும். இல்லையேல் சிதைந்த கோப்பு நல்ல கோப்பை விழுங்கிவிடும். கோப்பின் கைரேகை எனத்தக்க சரிபார்ப்பு எண்ணைக் கணித்து எழுதிவைக்கும் பழக்கத்தை மேல்நிலை மாணவர்களுக்குக் கற்பிக்கலாம். திருத்தப்படாத கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அவ்வெண் மாறி நம்மை எச்சரிக்கும்.

ஒட்டுக் கட்டியவர் அன்றே தாய்க்கன்றின் தலையை வெட்டுவதில்லை. சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்து, மொட்டு பச்சையாக இருக்கக் கண்ட பின்னரே வெட்டுவார். புதிய சேமிப்பகம் பொருத்திய நாளிலேயே பழைய வன்தட்டை அழித்துவிடாமல், சோதனைகள் முடிந்து புதியது நிலைபெறும் வரை அதனைக் காத்துவைப்பதும் அத்தகைய செயலே. அதற்கு ஆகும் செலவு ஒரு பேழையில் கையளவு இடம் மட்டுமே.