கண்காட்சிக் கூடத்தில் யார் நிற்பது?

யாழ்ப்பாணத்தில் 2010ஆம் ஆண்டு முதற்கொண்டு சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடைபெற்று வருவதை எமது வாசகர்கள் அறிவர். அங்கு பெரிய கம்பனிகளின் பொருள்களுக்கு நடுவில் சிறிய கூடமொன்றை எடுத்து, ஒடியல் மா, மோர்மிளகாய், பனையோலைப் பெட்டி முதலியவற்றை வைக்கக் கிளிநொச்சிப் பகுதிச் சங்கங்கள் சிலவும் விரும்புகின்றன. நல்ல முயற்சியே. ஆனால் பொருளைத் தயாரிப்பதில் காட்டும் அக்கறையை, அதனருகில் யாரை நிறுத்துவது என்பதிலும் காட்டவேண்டும். காலபோக அறுவடை நெருங்கும் நாள்களில், வயல் வேலை இல்லாத யாரோ ஒருவரை அனுப்பிவிடுவதே வழக்கமாகி வருகிறது.

ஜேர்மன் மொழியில் திருப்பலிக்கும் வர்த்தகக் கண்காட்சிக்கும் 'மெஸ்ஸே' என்ற ஒரே சொல்தான். திருவிழாவுக்குக் கூடிய மக்களிடையே சந்தையும் கூடியதால் வந்த வழக்கு அது. மடுத் திருவிழாவுக்குச் சென்றவர்கட்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்நாட்டின் லைப்சிக் நகரச் சந்தை 1497இல் பேரரசர் மாக்ஸிமிலியனிடம் சாசனம் பெற்றது. பல நூற்றாண்டுகளாக வியாபாரிகள் அங்கு பொருள்களை ஏற்றி வந்து விற்றனர். தொழிற்சாலைகளும் றெயில் பாதைகளும் வந்தபின், 1895இல் அது மாதிரிகளை மட்டும் காட்டி ஓடர் எடுக்கும் கண்காட்சியாக மாறியது.

யாழ்ப்பாணத்தில் இவ்விரு வியாபாரங்களும் ஒரே இடத்தில் நடக்கின்றன. ஒரு பொதி வாங்கிச் செல்லும் குடும்பமும் வரும். மாதந்தோறும் வாங்கக்கூடிய கடைக்காரரும் வருவார். இருவரும் ஒரே மாதிரித்தான் வந்து நின்று பொதியைப் புரட்டிப் பார்ப்பர். ஆகவே கூடத்தில் எந்நேரமும் இருவர் நிற்கவேண்டும். ஒருவர் விற்றுப் பணம் வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதட்டும். மற்றவர் அப்பொருளைத் தம் கையால் செய்தவராக இருக்கவேண்டும். அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல், அவிக்காமல் காயவைத்தது ஒடியல் என்பதைத் தெற்கிலிருந்து வருபவருக்கு அவரால்தான் தெளிவாகச் சொல்லமுடியும். சிங்களம் தெரிந்த பிள்ளை ஒருவர் உடனிருந்தால் மிக நன்று. புழுக்கொடியல் துண்டுகளைக் கடித்துப் பார்க்கக் கொடுங்கள். ஒடியல் மாவை யாரும் சும்மா வாயில் போடமாட்டார்கள்.

கடைக்காரர் "மாதம் 200 கிலோ தரமுடியுமா?" என்று கேட்பார். மகிழ்ச்சியில் உடனே தலையாட்டிவிடுவது எமது சனங்களின் இயல்பு. பனங்கிழங்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. பருவத்தில் கிண்டி, கிழித்து, வெயிலில் காயவைத்துச் சேமித்ததைக் கொண்டே அடுத்த பருவம் வரை ஓட்டவேண்டும். மாதம் 200 என்றால் ஆண்டுக்கு 2,400 கிலோ. சங்கத்தின் கையிருப்பு எவ்வளவு, புதிதாக எவ்வளவு சேர்க்கலாம் என்ற கணக்கு கூடத்தில் நிற்பவரின் கொப்பியில் இருக்கவேண்டும். 40 கிலோதான் முடியுமென்றால் 40 என்றே சொல்லுங்கள். கொடுக்கமுடியாத ஓடரை ஏற்று, கடன்பட்டு வெளியில் மா வாங்கிக் கொடுத்தால் தரமும் போகும், பணமும் போகும்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். 'போரினால் பாதிக்கப்பட்டோரின் உற்பத்திகள்' என்று பெரிய பதாகை கட்டும்படி ஆலோசனை கூறுபவர்கள் உண்டு. 2008, 2009ஆம் ஆண்டுகளில் யாவற்றையும் விட்டு ஓடி, செட்டிகுளம் முகாம்களில் கிடந்து திரும்பிய குடும்பங்கள் எம்முடையவை. சிலர் இன்றும் தம் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. இதில் மறைக்க எதுவுமில்லை. எனினும் அதை விற்பனைக்கு வைப்பதை நாம் விரும்பவில்லை. இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். மா நன்றாயிருந்தால் மறுமுறையும் வாங்குவார். அன்றியும், கூடத்தில் நிற்கும் பெண்ணிடம், "உங்கள் வீட்டில் யார் யார் இறந்தார்கள்?" என்று முன்பின் அறியாதவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவர். மூன்று நாளும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கும்படி எந்தச் சகோதரியையும் அனுப்பவேண்டாம். பதாகையில் ஊர்ப்பெயரும் சங்கத்தின் பெயரும் போதும். பொதியில் நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை, முகவரி இருக்கட்டும். இதில் சந்தேகமிருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

செலவையும் முதலில் எழுதிப் பாருங்கள். கூட வாடகை, பயணம், சாப்பாடு, நிற்பவரின் நாள்கூலி எல்லாம் சேர்த்து 18,000 ரூபா என்றும், ஒரு பொதியில் 60 ரூபா மிஞ்சும் என்றும் வைத்துக்கொண்டால், 300 பொதி விற்றால்தான் செலவு தேறும். நாள்கூலியை விட்டுவிட்டுக் கணக்குப் பார்க்கும் சங்கங்கள் உண்டு. அது பெண்களின் உழைப்பைக் கணக்கில் எடாத பழைய பழக்கம். தனியே நின்றால் தாங்காதெனில், இரண்டு மூன்று சங்கங்கள் ஒரு கூடத்தைப் பகிரலாம்.

விசாரித்தவரின் பெயர், தொலைபேசி எண், கேட்ட பொருள், கேட்ட அளவு ஆகியவற்றை அவர் நிற்கும்போதே கொப்பியில் எழுதுங்கள். ஊர் திரும்பி ஒரு வாரத்துக்குள் அவர்களை அழைத்துப் பேசவேண்டும். காட்டிய மாதிரியில் ஒரு பொதியைத் திகதியிட்டுச் சங்கத்திலும் வைத்திருங்கள். ஓடர் வந்து மா அனுப்பும்போது, அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் லொறியில் ஏற்றலாம்.